தண்ணி படாத லேப்டாப்

வீட்டில் அவளுக்கு ‘உஷ்’ என்று பேர். வைத்தவள் நாத்தனார். பின்னறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் அதுதான். சாப்பிட வரியா என்றால் உஷ். வாசலில் ஆள் வந்திருக்கு என்றால் உஷ். ஒரு தடவை வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து “ஐயோ” என்று கத்தியதற்கும் திரும்பிப் பார்க்காமலே உஷ் என்றுவிட்டாள். அதிலிருந்து அந்தப் பேர் பசை போட்டு ஒட்டின மாதிரி ஒட்டிக்கொண்டது.

தொழில் அப்படி. காது கேட்காதவர்களுக்காகப் படங்களுக்கும் தொடர்களுக்கும் அடியில் எழுத்து ஓடுமே, அதை எழுதுகிறவள் அவள். பேச்சை மட்டும் எழுதினால் ஆகாது. கதவு கிறீச்சிட்டால் எழுத வேண்டும். பக்கத்து அறையில் யாராவது இருமினால் எழுத வேண்டும். மழை பெய்கிறதா, தூறுகிறதா, காது சொல்வதைத்தான் எழுத வேண்டும். கேட்டதை விடக் கூடாது, கேட்காததைச் சேர்க்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் யாருக்கும் மசிய மாட்டாள். மற்றபடி கடையில் அழுகின தக்காளியைப் போட்டுக் கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கி வருகிற ரகம்.

பழைய லேப்டாப் எட்டு வருஷம் உழைத்துவிட்டு ஓய்ந்தது. புதுசு வாங்கினாள். நல்ல கம்பெனி, இரண்டு வருஷ வாரண்டி, பெட்டியைத் திறந்தால் புது வாசனை. முதல் பன்னிரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. பதின்மூன்றாம் நாள், ஒரு தொடரில் அக்காவும் தங்கையும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்கிற கட்டத்தில், திரை டப்பென்று அணைந்தது. தங்கை பாதி வார்த்தையில் நிற்க, கறுத்த கண்ணாடியில் அவள் முகமே அவளைப் பார்த்தது.

மறுபடி போட்டாள். வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி போனது.

வேறு யாராக இருந்தாலும் நாலு தட்டு தட்டியிருப்பார்கள். அவள் காது கொடுத்துக் கேட்டாள். அணைவதற்குக் கொஞ்சம் முன்னால் ஏதோ ஒரு சத்தம் குறைகிற மாதிரி இருந்தது. அடுத்த நாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, லேப்டாப்பின் முதுகில் காதை வைத்து உட்கார்ந்தாள். அப்படித்தான் பிடிபட்டது. தொழில் பழக்கத்தில் நோட்டில் எழுதியும் வைத்தாள்:

‘10.12: லேப்டாப் ஆன். விசிறி சத்தம், சீராக.
10.50: டிக் என்று ஒரு சத்தம். விசிறி நிற்கிறது.
10.59: அணைகிறது.’

நாலு நாள் எழுதினாள். நாலு நாளும் கிட்டத்தட்ட அதே கணக்கு. முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் விசிறி நிற்கும். அதற்கப்புறம் ஒன்பது நிமிஷம் சூட்டைத் தாங்கிப் பார்த்துவிட்டு, நாற்பத்தேழாவது நிமிஷத்தில் லேப்டாப் கண்ணை மூடிவிடும்.

அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, டோக்கன் துப்புகிற மிஷின், தரையோடு முடுக்கின நாற்காலி வரிசை. எதிர்ச் சுவரில் ஒரு டிவி, அதே கம்பெனியின் விளம்பரத்தைச் சத்தமில்லாமல் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. கவுண்ட்டருக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்குப் பின்னால் மெக்கானிக்குகள் தலை குனிந்து வேலை செய்வது நிழலாகத் தெரியும்.

கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் நோட்டைக் காட்டினாள். அந்தப் பெண் ஏதோ குழந்தை வரைந்த படத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “சரிங்க மேடம், செக் பண்ணிட்டுக் கூப்பிடறோம்.”

“முப்பத்தெட்டு நிமிஷம் ஓட விட்டாத்தான் தெரியும்ங்க. கொஞ்சம் சொல்லிடுங்க.”

“சொல்லிடறோம் மேடம்.”

ஐந்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். பிரச்சினை ஒன்றும் இல்லையாம். சாஃப்ட்வேரைத் துடைத்துவிட்டுப் புதுசாக ஏற்றியிருக்கிறார்களாம். வீட்டுக்கு வந்து போட்டாள். நாற்பத்தேழு நிமிஷம். மறுபடி கொண்டுபோனாள். சார்ஜரை மாற்றிக் கொடுத்தார்கள். நாற்பத்தேழு நிமிஷம். மூன்றாம் தடவை கொண்டுபோனபோது கவுண்ட்டர் பெண்ணின் முகத்தில் ‘இது வேலையத்த கேஸ்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. பத்து நிமிஷம்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜலதோஷக்காரன் தும்மாத நேரமாகப் பார்த்து உடம்பு நல்லா இருக்கு என்று சொல்லி அனுப்புகிற மாதிரி.

மூன்றாம் தடவைக்கு வந்த பதில்தான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. போன் போட்ட குரல் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தது: “உங்க லேப்டாப்ல தண்ணி போயிருக்குங்க மேடம். போர்டு மாத்தணும். தண்ணி பட்டா வாரண்டி கிடையாது.” மாற்றுவதற்கு ஆகிற செலவு, புது லேப்டாப் விலையில் பாதிக்கு மேல்.

“தண்ணியா?” என்றாள். “என் ரூமுக்குள்ள நான் தண்ணி குடிக்கறதே இல்லையே.”

அது வாஸ்தவம். பழைய லேப்டாப்பில் ஒரு தடவை காபி கொட்டினதிலிருந்து, அந்த அறைக்குள் ஈரம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. தாகம் எடுத்தால் எழுந்து கூடத்துக்குப் போய்க் குடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். தலைக்குக் குளித்துவிட்டு நாத்தனார் கூந்தலை உதறிக்கொண்டே எட்டிப் பார்த்தால்கூட உஷ்தான்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஹாரனும் வசவும் கேட்டுக் கேட்டு, வீட்டில் ஒரு சின்னச் சண்டையின் வாடை அடித்தாலும் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுகிற மனுஷன்.

“விட்டுடு” என்றார். “பெரிய கம்பெனி. நாம போய் மோதினா நம்ம மண்டைதான் உடையும். எனக்குத் தெரிஞ்ச ரிப்பேர்காரர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட கொடுத்துப் பாக்கலாம்.”

“ரிப்பேர் ஆகறது இருக்கட்டும்ங்க. நான் தண்ணி ஊத்தினேன்னு எழுதி வெச்சிருக்காங்க. நான் ஊத்தலை.”

“எழுதினா எழுதிட்டுப் போறாங்க.”

“எப்படிங்க எழுதலாம்? நடக்காததை எழுதலாமா?”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. செருப்பைத் தேடினார்.

நாத்தனாருக்குத்தான் குஷி. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பில் வேலை அவளுக்கு. மத்தியானம்தான் போக வேண்டும், காலை முழுக்கச் சும்மா. “அண்ணி, நானும் வரேன். வலியில வாயைத் திறக்க மாட்டேங்கறவங்களையே நான் தினம் திறக்க வைக்கறேன், இவங்க எம்மாத்திரம்?” என்று கைப்பையைத் தூக்கினாள்.

இருவருமாக மறுபடி படியேறினார்கள். கவுண்ட்டர் பெண் ஒரு காகிதத்தை நீட்டினாள். மேலே அவள் லேப்டாப்பின் நம்பர், நடுவில் ஒரு கலர் போட்டோ. பச்சைப் போர்டின் மேல் வெளுப்பாக, ஓரம் காய்ந்த கஞ்சி மாதிரி ஒரு கறை. அதைச் சுட்டிக்காட்டுகிற ஒரு கட்டைவிரல், அதில் மண்ணிற பிளாஸ்திரி. கீழே மெக்கானிக்கின் கையெழுத்து.

“இதைப் போட்டோல பாக்க வேண்டாம். என் லேப்டாப்பைத் திறந்து காட்டுங்க.”

“உள்ள அனுமதி இல்லைங்க மேடம்.”

“அப்ப வெளிய கொண்டு வாங்க.”

“அதுக்கு மேனேஜர்கிட்ட கேக்கணும்.”

மேனேஜர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, முகத்தில் இஸ்திரி போட்ட சிரிப்பு. எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்றார். திறந்து காட்டுவீங்களா? பார்க்கலாம். இன்னிக்கேவா? பார்க்கலாம். மேலிடத்துல யார்கிட்டப் பேசணும்? அதையும் பார்க்கலாம். அவர் அந்தப் பக்கம் போனதும் நாத்தனார் அவருக்குப் ‘பார்க்கலாம்’ என்றே பேர் வைத்துவிட்டாள்.

“நமக்குத் தண்ணி காட்டறாங்க அண்ணி” என்றாள். “லேப்டாப்ல தண்ணி இருக்கோ இல்லையோ, இவங்க காட்டறது நல்லாத் தெரியுது.”

அவள் சிரிக்கவில்லை. நாற்காலி வரிசையில், சார்ஜர் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். பையிலிருந்து நாத்தனாரின் ஓட்டை லேப்டாப்பை எடுத்தாள். அதில் இரண்டு எழுத்துச் சாவிகளே கிடையாது, குச்சியை வைத்துத்தான் அமுக்க வேண்டும். சுவரில் மாட்டினாள். ஹெட்போனைப் போட்டாள்.

“என்ன மேடம் பண்றீங்க?” கவுண்ட்டர் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

“வேலை. என் லேப்டாப் இங்க இருக்கு, அதனால என் வேலையும் இங்கதான். திறந்து காட்டற வரைக்கும் தினம் வருவேன். கதவு எத்தனை மணிக்குத் திறப்பீங்க?”

சொன்னதைச் செய்தாள். மறுநாள் காலை கதவு திறக்கும்போது வாசலில் நின்றாள். அதற்கு மறுநாளும். தொடரின் அடுத்த பாகத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். செக்யூரிட்டி ஆள் பக்கத்தில் வந்து, “மேடம், இங்க இப்படி உக்காரக் கூடாது…” என்று ஆரம்பித்தார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் “உஷ்” என்றாள். நல்ல வேகத்தில் வந்தவர் வாயை மூடிக்கொண்டு தன் ஸ்டூலுக்கே திரும்பிப் போனார். அன்றைக்கு மாலை நாத்தனார் இதைக் கிளினிக்கில் நடித்துக் காட்டினாளாம். வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்களாம்.

வருகிறவர்கள் அவளை அங்கே வேலை செய்கிறவள் என்று நினைத்தார்கள். சுவரோரம் லேப்டாப்பும் நோட்டுமாக உட்கார்ந்திருக்கிறவளிடம்தானே கேட்கத் தோன்றும்? டோக்கன் எங்கே எடுக்கணும், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார்கள். அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தி, எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்: “வாயால சொல்றதைக் கேட்டுட்டுப் போயிடாதீங்க. எதுவா இருந்தாலும் எழுதி வாங்குங்க.”

மூன்றாம் நாள் காலை, விசேஷங்களுக்குப் படம் எடுக்கிற போட்டோகாரர் ஒருவர் அப்படித்தான் எழுதி வாங்கினார். வாங்கினவர் வந்த வேகத்திலேயே அவள் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். “தண்ணி போயிருக்காம்ங்க. ரெண்டு குடும்பத்தோட ஆல்பம் உள்ள மாட்டிக்கிட்டிருக்கு. கேமராவையே துணி சுத்தித் தூக்கற ஆளு நான். எங்கிருந்துங்க தண்ணி?”

அவர் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தாள். பச்சைப் போர்டு. கஞ்சி காய்ந்த மாதிரி கறை. பிளாஸ்திரி ஒட்டின கட்டைவிரல்.

ஹெட்போனைக் கழற்றினாள். பையிலிருந்து தன் காகிதத்தை எடுத்து அவர் மடியில், அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

போட்டோகாரர் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். “ஒரே படம்” என்றார். அவர் குரலில் கோபத்தைவிட, தொழில்காரனுக்கு வருகிற ஏளனம்தான் அதிகம் இருந்தது. “இங்க பாருங்க, மேல் மூலையில லைட் பட்டுப் பளீர்னு ஒரு புள்ளி. ரெண்டுலயும் அதே இடம். விரல் மடங்கின கோணம்கூட அதே. ஒரு படத்தை எடுத்து ரெண்டு பேர் தலையில கட்டியிருக்காங்க.”

“ரெண்டு பேரா, இன்னும் இருக்காங்களான்னு கேட்டுடலாமே” என்றாள்.

எழுந்து நின்றாள். அந்தக் கூடத்தில் அப்போது பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். வீட்டில் யார் மூச்சு விட்டாலும் அடக்குகிறவள், அங்கே தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசி நாற்காலிக்கும் எட்டுகிற மாதிரி கேட்டாள்:

“தண்ணி போயிருக்குன்னு பேப்பர் வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா?”

ஒரு கை உயர்ந்தது. தையல்கடை வைத்திருக்கிற அம்மாள், டிசைன்களெல்லாம் லேப்டாப்பில் வைத்திருப்பவர். கதவுப் பக்கத்திலிருந்து இன்னொரு கை. ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பிரித்தார்கள். நாலு காகிதம், நாலு நம்பர், நாலு பேர். கறை ஒன்று. கட்டைவிரல் ஒன்று.

தையல்கார அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். “நான் போன வாரமே பணம் கட்டிட்டு, போர்டு வரும்னு காத்துட்டிருக்கேனே! என் பொண்ணுதான் ஊத்தியிருப்பாள்னு அவளை வேற திட்டித் தீர்த்தேன்.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு அதுவரை உள்ளே கங்காக இருந்தது பற்றிக்கொண்டது. நாலு காகிதத்தையும் வாங்கிக்கொண்டு போய்க் கவுண்ட்டரில் வரிசையாகப் பரப்பினாள். “மேனேஜரைக் கூப்பிடுங்க.”

பார்க்கலாம் வந்தார். காகிதங்களைப் பார்த்தார். இஸ்திரி போட்ட சிரிப்பு கசங்கியது. “மேடம், கொஞ்சம் உள்ள வாங்க, பேசலாம்” என்று தன் அறைக் கதவைத் திறந்துபிடித்தார். போனாள். அன்றும் துணைக்கு வந்திருந்த நாத்தனாரும் கூடவே நுழைந்துகொண்டாள்.

“இது வந்து, ஒரு மாதிரிக்காகப் போடற படம்” என்றார். “கஸ்டமருக்குப் புரியணும்னு.”

“எனக்குப் புரிஞ்சுடுச்சு.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்க கேஸை நான் தனியாப் பாக்கறேன். போர்டு, விசிறி, எல்லாம் இலவசமா மாத்தித் தரேன். நாளைக்கே வாங்கிக்கலாம். வெளியில இருக்கறவங்களை மட்டும் கொஞ்சம்… நீங்க சொன்னா கேப்பாங்க.”

பொய் சொல்வானேன், ஒரு கணம் அவள் மனசு தடுமாறத்தான் செய்தது. தொடரின் கடைசிப் பாகங்களை அந்த வாரமே கொடுத்தாக வேண்டும். இரண்டு சாவி இல்லாத லேப்டாப்பில் குச்சி வைத்துக் குத்திக் குத்தி விரல் கன்றிப் போயிருந்தது. நாளைக்கே என்றால் நாளைக்கே எல்லாம் முடிந்துவிடும். வீட்டுக்காரர் நிம்மதியாகச் செருப்பைக் கழற்றி வைப்பார்.

“நான் தண்ணி ஊத்தலைன்னு எழுதிக் கொடுப்பீங்களா?”

“அதெல்லாம் எதுக்குங்க மேடம்? லேப்டாப் கைக்கு வந்தாப் போதாதா?”

“போதாது” என்று எழுந்தாள். “இலவசமா ஒண்ணும் வேண்டாம். என் லேப்டாப்பை வெளிய கொண்டு வாங்க. எல்லாரும் பாக்கற மாதிரி கவுண்ட்டர்ல வெச்சு ஒரு மணி நேரம் ஓட விடுங்க. அப்புறம் திறங்க. உள்ள தண்ணி பட்டிருந்தா நான் முழுசாப் பணம் கட்டறேன், இந்தப் படி ஏற மாட்டேன். படலைன்னா, இங்க இருக்கற நாலு பேரோடதையும் இதே மாதிரி திறந்து, இருக்கறதை எழுதிக் கொடுக்கணும்.”

“பார்க்கலாம்…”

“பாக்கத்தான் போறோம்” என்றாள் நாத்தனார்.

லேப்டாப்பைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்தவர் ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக். பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விட்டிருந்தார். பார்த்த மாத்திரத்தில் நாத்தனார் “நெற்றிக்கண்” என்று முணுமுணுத்தாள். அவர் கவுண்ட்டரில் லேப்டாப்பை வைத்து ஆன் செய்தார். மணி பதினொன்று ஐந்து.

அவள் நோட்டைத் திறந்து எழுதினாள்: ‘11.05: லேப்டாப் ஆன்.’

முதல் இருபது நிமிஷம் சும்மா கழிந்தது. யாரோ கொட்டாவி விட்டார்கள். பார்க்கலாம் இரண்டு தடவை வந்து, “நல்லாத்தானே ஓடுது?” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அரை மணியானதும் வாத்தியாருக்கே சந்தேகம் வந்துவிட்டது, “அம்மா, நிச்சயமா தெரியுமா?” என்று காதோரம் கேட்டார். அவளும் நோட்டின் பழைய பக்கங்களை இன்னொரு தடவை புரட்டிச் சரிபார்த்தாள். மிஷின் ஆயிற்றே, ஆள் பார்த்து மானத்தை வாங்கினாலும் வாங்கும்.

பதினொன்று நாற்பத்திரண்டு. “எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க” என்றாள்.

கூடம் அமைதியானது. செக்யூரிட்டி ஆள்கூட ஸ்டூலை நகர்த்தாமல் கழுத்தை மட்டும் நீட்டினார். விசிறியின் மெல்லிய ஓசை எல்லாருக்கும் கேட்டது. ஒரு நிமிஷம் போயிருக்கும்.

டிக்.

ஓசை நின்றது.

மெக்கானிக் சட்டென்று நிமிர்ந்தார். கையை லேப்டாப்பின் ஓரத்தில், காற்று வெளியே வருகிற இடத்தில் வைத்துப் பார்த்தார். காற்று இல்லை. நோட்டை எட்டிப் பார்த்து, முன்னால் எழுதியிருந்த பக்கங்களைத் தன் கையாலேயே புரட்டினார். “இதை முதல் நாளே கொடுத்தீங்களா?”

“கவுண்ட்டர்ல காட்டினேன்.”

“என்கிட்ட வரலை” என்றார் அவர்.

ஒன்பது நிமிஷம். தையல்கார அம்மாள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு, எல்லார் கண்ணும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்தது. போட்டோகாரர் தன்னை மறந்து கை தட்டிவிட்டார். ஒரு பொருள் கெட்டுப்போனதற்கு அந்த இடத்தில் அதுவரை யாரும் கை தட்டியிருக்க மாட்டார்கள்.

மெக்கானிக் அங்கேயே ஸ்குரூக்களைக் கழற்றினார். அடி மூடி வந்தது. கூட்டம் கவுண்ட்டரின் மேல் கவிழ்ந்தது. போர்டு பளபளவென்று, கடையில் வாங்கின நாள் மாதிரி இருந்தது. கறையின் நிழல்கூட இல்லை. இடுக்கியால் ஒரு மெல்லிய வயரைத் தூக்கிக் காட்டினார். விசிறிக்குப் போகிற வயர். பூட்டும்போதே ஒரு தகடுக்கு அடியில் மாட்டி நசுங்கியிருந்தது. சூடு ஏறித் தகடு கொஞ்சம் அசைந்தால் இணைப்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும்.

“இது பேக்டரியிலயே நடந்த தப்பு” என்றார். “இவங்க மேல ஒண்ணும் இல்லை.”

“அப்ப இது?” என்று அவள் அந்தப் போட்டோக் காகிதத்தை நீட்டினாள். “உங்க கையெழுத்துதானே?”

அவர் வாங்கிப் பார்த்தார். தன் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் கவுண்ட்டரின் மேல் வைத்தார். “இந்தப் படத்தை நான் எடுக்கலை. விரலும் என்னோடது இல்லை. நான் எழுதிக் கொடுத்தது ‘இன்னும் நேரம் வெச்சுப் பாக்கணும்’னு மட்டும்தான். கம்ப்யூட்டர்ல என் கையெழுத்து இருக்கு. யார் வேணா இழுத்து ஒட்டலாம்.”

“நீங்க உள்ள போங்க” என்றார் பார்க்கலாம். சிரிப்பு மொத்தமாகக் காணாமல் போயிருந்தது.

மெக்கானிக் போகவில்லை. நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவளுடைய காகிதத்தின் பின்பக்கத்தில், கூட்டல் கழித்தல் இல்லாமல், தன் கைப்பட எழுதினார்: விசிறி வயர் நசுங்கியிருக்கிறது, தயாரிப்பின்போது நேர்ந்தது, தண்ணீர் பட்டதற்கான அடையாளம் இல்லை. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். பிறகு போட்டோகாரரைப் பார்த்து, “உங்களோடதையும் கொண்டு வரேன். இங்கயே திறந்துடலாம்” என்று உள்ளே போனார். பார்க்கலாம் தடுப்பது போல ஒரு அடி எடுத்து வைத்தார். பன்னிரண்டு பேர் கண் அவர் மேல் இருப்பதைப் பார்த்து அந்த அடியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வரை நடந்தது. போட்டோகாரருடையதும் தையல்கார அம்மாளுடையதும் காய்ந்த சருகு மாதிரி கிடந்தன. வாத்தியாருடையதில் மட்டும் உண்மையிலேயே ஒரு ஓரத்தில் ஈரம் பட்ட தடம் இருந்தது. அவர் அசடு வழிய, “பேரப்பய மேல சந்தேகம் இருந்துச்சு” என்று ஒப்புக்கொண்டார். அவருக்கு அதை அப்படியே எழுதிக் கொடுத்தார் மெக்கானிக். வாத்தியார் குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அவருடைய போர்டின் படம் அவருக்குக் கிடைத்ததே போதும் என்றார்.

எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. விசிறியும் வயரும் வந்து சேரப் பதினோரு நாள் ஆனது. அதற்குள், குச்சி வைத்துக் குத்தினதில் கெடு தவறி, தொடரின் கடைசிப் பாகங்கள் வேறொருத்திக்குப் போய்விட்டன. ஒன்றரை வருஷம் கூடவே இருந்து எழுதிய கதை. அக்காவும் தங்கையும் கடைசியில் சேர்ந்தார்களா இல்லையா என்பதை அவள் மற்றவர்களைப் போல டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். தொலைவில் ரயில் போகிற சத்தத்தை அந்தப் புதியவள் விட்டுவிட்டிருந்தாள். அது இரண்டு நாள் அவளை அறுத்தது. தையல்கார அம்மாளுக்குக் கட்டின பணம் திரும்பி வந்தது. பார்க்கலாம் நீண்ட விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். மெக்கானிக்கை வேறு கிளைக்கு மாற்றிவிட்டதாகவும் சொன்னார்கள். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. நடந்ததையெல்லாம் மணி வாரியாக மூன்று பக்கம் எழுதி, தங்கள் காகிதங்களின் நகலும் வைத்து, நாலு பேரும் கையெழுத்துப் போட்டுக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்தை எழுத ஆரம்பித்தாள்.

லேப்டாப்பை வாங்கப் போன அன்று வீட்டுக்காரரும் கூட வந்தார். யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. “நீ பேசு, நான் சும்மா பக்கத்துல நிக்கறேன்” என்றார். அவர் அளவுக்கு அதுவே பெரிய போர்க்கோலம்.

ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள். விசிறி ஒரே சீராகச் சுற்றியது. கவுண்ட்டர் பெண் பெருமூச்சு விட்டு ஒரு படிவத்தை நீட்டினாள். “இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க மேடம்.”

படித்தாள். ‘எனது பொருள் உரிய நேரத்தில் பழுது நீக்கப்பட்டு, சேவை எனக்கு முழு திருப்தி அளித்தது’ என்று அச்சடித்திருந்தது.

பேனாவை வாங்கினாள். அந்த வரியை இடமிருந்து வலமாக ஒரே கோடாக அடித்தாள். அதற்குக் கீழே, இடம் போதாமல் ஓரத்தில் திரும்பி மேலே ஏறுகிற அளவுக்குப் பொடி எழுத்தில் எழுதினாள்: ‘மூன்று தடவை கொடுத்தேன். இரண்டு தடவை சரியாகப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்கள், மூன்றாம் தடவை பொய் எழுதினார்கள். ஒரு மெக்கானிக் உண்மையை எழுதினார். விசிறி இப்போது ஓடுகிறது.’ கீழே கையெழுத்துப் போட்டாள்.

கவுண்ட்டர் பெண் படித்துவிட்டு விழித்தாள். “மேடம், இப்படி எழுதினா சிஸ்டம் ஏத்துக்காது. திருப்தின்னு இருந்தாத்தான் உங்க கேஸை மூட முடியும்.”

“அப்ப திறந்தே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.